இருபது மீட்டர் நடை

ஜனவரி 20, திங்கள்

காலை என் ரத்த அழுத்தம் 138/86. சுலோச்சனா கட்டிலிலிருந்து வாசல் கதவுவரை, ஆறு மீட்டர்: 14 விநாடி. நடுக்கத்துக்கான மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து 13. நரம்பு மருத்துவர் குறித்துவரச் சொன்னதால் தினமும் குறிக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிப்பதில்லை. "நான் என்ன நீலகிரி எக்ஸ்பிரஸா?" என்பாள்.

மதியச் சாப்பாட்டின்போது மேலாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள், ஆபத்துக் காலத்தில் கட்டடத்திலிருந்து வெளியேற வழிகாட்டும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்களாம். அதை முதன்முதலாக நம் தண்ணிழல் மூத்தோர் இல்லத்தில் பொருத்திப் பார்க்கப் போகிறார்கள். நான்கு மாடி, இரண்டு படிக்கட்டு, அறுபத்தெட்டுப் பேர். தீ என்றால் லிஃப்ட் நின்றுவிடும். இங்கே வந்து ஆறு ஆண்டுகளில் இதை நான் யோசித்ததே இல்லை என்பது வெட்கமாக இருந்தது.

விளக்கிச் சொன்ன பெண்ணின் பெயர் ஜெசிமா. கோட்டைமேட்டுக்காரி. ஒல்லி, வேகமான பேச்சு. "புகை வந்தா மேல இருக்கற போர்டு தெரியாதுங்க. தரைதான் தெரியும். அதனால விளக்கைத் தரையில வைக்கறோம்" என்றாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. அது யாருடையது என்று நடைபாதையிலுள்ள பெட்டி அறிந்துகொண்டு, அவரவருக்கேற்ற வழியில் விளக்கை எரியவிடும். அதற்கு ஒவ்வொருவரும் இருபது மீட்டர் நடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று தெரிய வேண்டுமாம்.

"நம்ம தெய்வசிகாமணி சார் இருக்காரே, முத்திரை ஆய்வாளரா இருந்தவரு" என்றார் மேலாளர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் சரி என்று பொருள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

கடைத் தராசுகளையும் படிக்கற்களையும் முப்பத்தொரு ஆண்டு சோதித்தவனுக்கு நடையை அளப்பது புதிது. இரும்பு நாடாவால் இரண்டாம் மாடி நடைபாதையில் இருபது மீட்டரை இரு முறை அளந்து சுண்ணக்கோடு போட்டேன். மறுமுனையில் பெஞ்சமின். போத்தனூரில் ரயில்வே கார்டாக இருந்தவர், எதிர் அறைக்காரர். அறையில் வைத்திருந்த பழைய பச்சைக் கொடியை எடுத்துவந்துவிட்டார்.

முறை: ஒவ்வொருவரும் மூன்று தடவை. மூன்றில் நடுவிலுள்ள அளவே கணக்கு.

எதிர்பாராத சிக்கல், எல்லோரும் இதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டார்கள். பேரன் வாங்கித் தந்த ஓட்டக் காலணியைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். 204ஆம் அறை அம்மாள், "203க்கு எவ்வளவுங்க?" என்று கேட்டுக்கொண்ட பிறகே நடந்தார். இயல்பாக நடங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. பெஞ்சமின், "இன்ஸ்பெக்டர், நீங்க நிறுத்துகடிகாரத்தைக் கையில எடுத்தாலே ஜனம் ஓடுது. அந்தக் காலத்துல கடைக்காரன் ஓடுன மாதிரி" என்றார்.

இன்று முப்பத்தொருவர் முடிந்தது. என் அளவு 21.

ஜனவரி 24, வெள்ளி

ஜெசிமா பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனம். இருந்தது.

முப்பது விநாடிக்குள் நடப்பவர்களுக்குப் பச்சை விளக்காம்; படியில் இறங்கிவிட வேண்டும். முப்பதைத் தாண்டினால் நீலம். படிக்கட்டை ஒட்டிய அகலமான இடத்தில், தீக்கதவுக்குப் பின்னால், நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?"

"தீயணைப்பு ஆளுங்க வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போற வரைக்கும் சார். மெதுவா நடக்கறவங்க படியில சிக்கிட்டா பின்னாடி வர்ற எல்லாருக்கும் ஆபத்து. அந்தக் கதவு ரெண்டு மணி நேரம் தீயைத் தாங்கும். சான்றிதழ் இருக்கு."

சான்றிதழ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

"கணவன் மனைவி என்றால்?"

"அவங்கவங்க பட்டைக்கு அவங்கவங்க விளக்குதான் சார்."

ஜனவரி 25, சனி

சுலோச்சனாவை அளந்தேன். களைப்பாக இருந்ததால் ஒரு தடவை மட்டும். 28.

பெஞ்சமின் கொடியைச் சுருட்டி வைத்தார்.

பட்டியல் முழுமை. கீழே கையெழுத்திட்டு ஜெசிமாவிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 1, சனி

தரையில் விளக்குப் பட்டைகள் ஒட்டுகிறார்கள். பசை நாற்றம். சுலோச்சனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு மீட்டர்: 15.

அறிவிப்புக்கு ஒரு நிதானமான குரல் வேண்டும் என்று ஜெசிமா தேடிக்கொண்டிருந்தாள். கணினிக் குரல் பதற்றத்தைக் கூட்டுகிறதாம். சுலோச்சனா வெளியூர்த் தொலைபேசி இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது ஆண்டு இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அறையிலேயே பதிவு நடந்தது. இப்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். ஆனால் ஒலிவாங்கியைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"பதற வேண்டாம். பச்சை எரிபவர்கள் நிற்காமல் இறங்குங்கள். நீலம் எரிபவர்கள் இங்கேயே இருங்கள். உங்களுக்கு ஆள் வரும்."

ஜெசிமா ஒலியைப் பெருக்கிப் போட்டுக் காட்டினாள். ஊட்டிக்கு லைன் கேட்டுக் காத்திருந்தவர்களிடம் பேசிய அதே குரல்.

"அம்மா, நீங்க சொன்னா நெருப்பே நின்னு கேக்கும்" என்றாள் ஜெசிமா.

"வீட்டுல ஒருத்தரு கேட்டாப் போதும் கண்ணு" என்றாள் இவள்.

பிப்ரவரி 10, திங்கள்

கண் மருத்துவமனை. இடது கண்ணில் புரை முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். திரும்ப மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. சுலோச்சனா மிகவும் களைத்துப் படுத்திருந்தாள். உள்ளங்கால் வீங்கியிருந்தது. அவள் செருப்பு நடைபாதையில் கிடந்தது. எங்காவது போனாயா என்றேன். "எங்க போறது" என்றாள்.

தண்ணீர் வடிகட்டி மாற்ற ஆள் வரவில்லை. நினைவூட்ட வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

ஒத்திகை.

முறையாக எழுத முயல்கிறேன். காலை 10.04க்கு மணி ஒலித்தது. எல்லோரும் முன்பே அறிந்ததுதான். நான் சுலோச்சனாவின் கையைப் பிடித்து வெளியே வந்தேன். தரையில் விளக்குகள் எரிந்தன. என் கைப்பட்டையில் பச்சை. அவள் பட்டையில் நீலம்.

கருவி பழுது என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டே படிக்கட்டை நோக்கி நடந்தேன். பச்சைப் பட்டை, நடக்காமல் நின்றால் மணிக்கட்டில் அதிரும். நாங்கள் மெதுவாகப் போனதால் விடாமல் அதிர்ந்தது. தீக்கதவுக்குப் பின்னால் வந்ததும் சுலோச்சனா என் கையை விட்டாள். அங்கே போட்டிருந்த நாற்காலியில், சினிமாக் கொட்டகையில் தன் இடம் தெரிந்தவளைப்போல் நேராகப் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பச்சைங்க. போங்க."

"பழுது. நான் சொல்கிறேன், நீ வா."

பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கீழே முற்றத்திலிருந்து மேலாளர், "மூணாவது மாடி, யாரும் நிக்காதீங்க" என்று கத்தினார். மேலே ஒலிபெருக்கியில் சுலோச்சனாவின் குரல்: பச்சை எரிபவர்கள் நிற்காமல் இறங்குங்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சுலோச்சனா வாயே திறக்கவில்லை.

நான் இறங்கினேன்.

கீழே ஒரு மாணவன் என் பெயருக்கு நேரே டிக் போட்டான். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. கைதட்டினார்கள். அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிவர மேலும் பதினெட்டு நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் வேப்பமரத்தடியில் நின்றேன். ஒத்திகைதான்.

பிற்பகல் அறிவிப்புப் பலகையில் அளவுப் பட்டியலை ஒட்டினார்கள். 306, தெய்வசிகாமணி: 21. 306, சுலோச்சனா: 46.

நான் கொடுத்த எண் 46 அல்ல. என் கையெழுத்துக்கு மேலே உள்ள எண்ணை என்னைக் கேட்காமல் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தூக்கம் இல்லை. ஆறு மீட்டர்: அளக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

முதலில் பெஞ்சமினிடம் கேட்டேன். அன்று கொடியோடு மறுமுனையில் நின்றவர் அவர் மட்டும்தான்.

"நான் தூக்குனது கொடியைத்தான் இன்ஸ்பெக்டர், வாயை இல்ல" என்றார். பிறகு, "நாப்பத்தாறுதான் சரின்னா, யார் மாத்துனா என்ன?" என்றார்.

சரி, தவறு என்பது வேறு கேள்வி. யார் என்பதுதான் என் கேள்வி. அதை அவரிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாலை ஜெசிமா பெட்டிகளைச் சரிபார்க்க வந்தாள். லிஃப்ட் அருகே நிறுத்தினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"306இல் ஓர் எண் மாறியிருக்கிறது."

அவள் முகம் மாறியது. "ஆமாங்க சார்."

"யார் மாற்றியது?"

"நான்தான் சார் மாத்துனேன்."

"ஏன்?"

தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை மட்டும் கேக்காதீங்க சார். ப்ளீஸ்."

அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சொன்ன அதே பெண்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜெசிமாவின் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், எட்டுப் பத்தி. கடையில் முத்திரை உடைத்த தராசைக் கண்டால் அறிக்கை எழுதுவேனே, அதே நடை. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. 'அளவீட்டாளரின் அறிவோ ஒப்புதலோ இன்றி' என்ற தொடரை மூன்று இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். நேரில் குரலை உயர்த்த முடியாதவனுக்குக் கடிதத்தில்தான் முதுகெலும்பு.

சுலோச்சனாவிடம் காட்டவில்லை. மின்சாரக் கட்டண விவரம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கல்லூரியிலிருந்து பதில். நடவடிக்கை எடுக்கப்பட்டதாம். மாநில அளவிலான போட்டியில் இந்தக் கருவியை ஜெசிமாவுக்குப் பதிலாக அவள் குழுவிலுள்ள பையன் விளக்குவானாம். குழுவின் பெயர்ப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம்.

இரண்டு முறை படித்தேன். நான் கேட்டது விளக்கம். இதைக் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்தேனா என்றும் தெரியவில்லை. 'தக்க நடவடிக்கை' என்று எட்டாம் பத்தியில் இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

சாப்பாட்டுக் கூடத்தில் மேலாளர் எல்லோர் காதிலும் விழும்படி, "சார் ஒரு லெட்டர் போட்டாரு, அந்தப் புள்ளையோட பேரே போச்சு" என்றார். சுலோச்சனா ரசத்தில் வைத்த கரண்டியைக் கீழே வைத்தாள். நடுக்கத்தினால் அல்ல.

அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு பேசினாள். அவ்வளவு மெல்லிய குரல், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான்தான் மாத்தச் சொன்னேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு. அந்தப் புள்ளைய வரச் சொல்லி நடைபாதையில மூணு தடவை நடந்தேனுங்க. நாப்பத்தி மூணு, நாப்பத்தெட்டு, நாப்பத்தாறு. நடுவுல இருக்கறத எழுதிக்க கண்ணுன்னேன். உங்க முறைதான். உங்ககிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை..."

"சொன்னா உட்ருவீங்களா? என்னை இழுத்துக்கிட்டு மூணு மாடி இறங்குவீங்க. ரெண்டு பேரும் உருளுவோம். பின்னால வர்ற அத்தனை பேரும் நம்ம மேல உருளுவாங்க. இருபத்தெட்டாமா, இருபத்தெட்டு. எனக்குக் கலியாணம் ஆனப்பக்கூட அந்த வேகம் இல்லீங்க."

நான் எழுந்து மேசைமேல் இருந்த நிறுத்துகடிகாரத்தை இழுப்பறைக்குள் வைத்தேன்.

"எனக்கு ஒரே பயம், நீங்க போகமாட்டீங்களோன்னுதான்" என்றாள். "அன்னிக்கு இறங்கிப் போனீங்கல்ல, நிம்மதியா இருந்துச்சு."

அவள் அதை எந்தப் பொருளில் சொன்னாள் என்று இரவு வரை யோசித்தேன். குத்திக்காட்டும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு. நான் வீட்டில் இல்லாத நாள் பார்த்து, நான் வகுத்த முறையைக் கொண்டே, என்னை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமும் பிரித்து எழுதவைத்திருக்கிறாள். அதற்கு ஊரார் பெண்ணைச் சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். எதிரே இருந்த எனக்கு மட்டும் தெரியாது. பெஞ்சமினுக்குத் தெரிந்திருக்குமோ?

பிப்ரவரி 24, திங்கள்

பேராசிரியருக்கு இரண்டாம் கடிதம். நான்கு வரைவு கிழித்தேன். முதல் வரைவில் 'அளவீட்டுப் பிழை' என்று எழுதியிருந்தேன். எந்தத் தராசுக்கும் இவ்வளவு பிழை வரை பொறுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. இருபத்தெட்டுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவே உள்ளது எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. கிழித்தேன்.

அனுப்பியதில் இப்படி எழுதினேன்: 'ஜனவரி 25 அன்று நான் கண்ட அளவு 45. நான் எழுதிய அளவு 28. மாணவி ஜெசிமா செய்தது திருத்தம் அல்ல, சரிபார்ப்பு.' கீழே பெயர், பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு. பதவியை எழுதும்போது சிறிது நேரம் பேனா ஓடவில்லை.

முப்பத்தொரு ஆண்டில் அடிப்பக்கம் புளி ஒட்டிய தராசுகள் எத்தனையோ பார்த்தேன். பிடிபட்டவர்கள் பிள்ளை, குட்டி என்று அழுவார்கள். நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பதில் வந்தது. போட்டிக்குப் பெயர்கள் அனுப்பியாகிவிட்டன, மாற்ற இயலாதாம். ஆனால் ஐயம் எழுந்துவிட்டதால் எல்லோருடைய நடையையும் மாணவர்களே மீண்டும் அளப்பார்களாம். நாளை காலை.

ஜெசிமாவும் வருவாள் என்று மேலாளர் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பிப்ரவரி 28, வெள்ளி

சுண்ணக்கோட்டை நான் போட்ட இடத்திலேயே போட்டிருந்தார்கள். இருபது மீட்டர் சரியாக இருந்தது. நிறுத்துகடிகாரம் ஜெசிமா கையில். பெஞ்சமின் கொடியோடு வந்துவிட்டார்.

அவளிடம் போய், "உன் பெயர் போனதற்கு நான்தான் காரணம்" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். பிறகு, "சுலோச்சனா அம்மா அழுதாங்க. அதுதான் சார் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சுலோச்சனா தன் முறையை முன்பே முடித்துக்கொண்டு அறைக்குப் போயிருந்தாள். 47. அடுத்து நான்.

இன்று காலையிலிருந்து இடது முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இப்படி வருவதுண்டு. மூன்று தடவை நடந்தேன். 33, 36, 34.

"சார், போன தடவை இருபத்தொண்ணு" என்றாள் ஜெசிமா.

"முழங்கால்."

"எந்த முழங்கால் சார்?"

"இடது."

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதன்முறையாக அவள் மெதுவாகப் பேசினாள். "நான் பாத்ததத்தான் சார் எழுதுவேன்."

"அதைத்தான் எழுத வேண்டும்" என்றேன்.

34 என்று எழுதினாள். மறுமுனையில் பெஞ்சமின் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "வண்டி பதிமூணு விநாடி லேட்டு. காரணம், கார்டுக்குத் தெரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலை ரத்த அழுத்தம் 132/84.

புதிய பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பட்டைகளையும் மாற்றித் தந்தார்கள். இப்போது 306ஆம் அறையில் இரண்டும் நீலம். நீலப் பட்டை அதிராதாம். நின்றாலும் அதிராது.

மதியம் சுலோச்சனா தைலப் புட்டியை எடுத்துவந்து என் அருகே உட்கார்ந்தாள்.

"எந்த முழங்காலுங்க?"

"வலது" என்றேன். உடனே நினைவு வந்தது, ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவள் புட்டியைத் திறக்கவில்லை. "அந்தப் புள்ளைகிட்ட இடதுன்னீங்களாம்."

நான் செய்தித்தாளை எடுத்தேன். கையில் இருந்தது நேற்றைய தாள்.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்றாள். "எத்தனையோ இருந்தும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதையும் கெடுத்துப்போட்டீங்க."

அவள் கேட்கவே இல்லை என்றும், கேட்காமல் செய்துகொண்டாள் என்றும், அதனால் நானும் கேட்காமல் செய்தேன் என்றும் சொல்ல நினைத்தேன். பத்தி பிரித்து எழுதினால் சொல்லிவிடுவேன். நேரில் வரவில்லை. அவள் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். புட்டி கட்டில்மேல் இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

இன்னும் பேசவில்லை. காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். பாதி சிந்தியிருக்கிறது. துடைக்க வந்தால் கையைத் தட்டிவிடுகிறாள்.

வடிகட்டி மாற்றியாகிவிட்டது.

கட்டிலிலிருந்து வாசல் கதவுவரை, ஆறு மீட்டர்: 14 விநாடி. நான் ஓரடி பின்னால் நடந்துபோனேன். எனக்கும் 14.